தண்ணீருக்குள் போன ஆக்சிஜன் யாருடையது? எஸ்டர் வினையைக் குழந்தைக்குச் சொல்லித்தரும் வழி

பசையும் வார்னிஷும் தயாரிக்கும் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. எஸ்டர் வகையைச் சேர்ந்த எத்தில் அசெட்டேட் என்ற கரைப்பான் அங்கே பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். அதன் வாசனை சட்டையில் ஏறிவிட்டால் வீடு வரைக்கும் கூடவே வரும். அண்ணன் மகளுக்குப் பத்து வயது. ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "சித்தப்பா, உங்க சட்டையில நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வருது" என்றாள். அசந்துபோனேன். அசெட்டோன் கலக்காத ரிமூவர்கள் பலவற்றில் இருப்பது இதே எத்தில் அசெட்டேட்தான். "இதை எப்படிச் செய்யறாங்க?" என்று அடுத்த கேள்வியும் வந்துவிட்டது.

இருபது வருடமாக இதோடு புழங்குகிறவன், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டரும் தண்ணீரும் கிடைக்கும்" என்றேன். "ஓ" என்றாள். அந்த "ஓ" எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நானே நிறைய "ஓ" போட்டிருக்கிறேன்.

மறுநாள் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். அமில ராஜா, ஆல்கஹால் ராணி, இருவரும் சேர்ந்ததும் வாசனையான ஓர் அரண்மனை, பக்கத்திலேயே ஒரு குளம். ரொம்ப ரசித்துக் கேட்டாள். அன்று ராத்திரி அவள் அதைத் தன் ஆறு வயதுத் தம்பிக்குச் சொல்வது காதில் விழுந்தது. ராஜாவுக்குக் குதிரை வந்திருந்தது, எதிரி நாட்டுப் படை வந்திருந்தது. குளத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்று தம்பி கேட்டதற்கு, "மழை பெஞ்சுது" என்றாள். கதை வேதியியலை முழுசாக விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது.

அதற்கப்புறம் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தடுமாறித்தான் ஒரு வழி பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேதியியலை மறந்துபோனவர்களும் இதைச் செய்யலாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில், ஏன் இந்த வினை? குழந்தைக்கு வேதிவினை காட்ட வேண்டும் என்றாலே எல்லோரும் சோடா மாவில் வினிகரை ஊற்றுகிறார்கள். நுரை பொங்கும், குழந்தை கைதட்டும், கடைசியில் நுரை மட்டும்தான் நினைவில் நிற்கும். எரிதலை எடுத்தால் எல்லாப் பிணைப்பும் சிதறிவிடுகிறது. எதைப் பார்ப்பது என்று தெரியாது. எஸ்டர் வினையில் இரண்டே மூலக்கூறுகள். ஒரே ஓர் இடத்தில்தான் மாற்றம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. முடிவை மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம். கரிம வேதியியலுக்குள் குழந்தை நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

உருண்டைகளும் குச்சிகளும்

மூன்று நிறத்தில் விளையாட்டுக் களிமண் எடுத்துக்கொள்ளுங்கள்: கறுப்பு, சிவப்பு, வெள்ளை. கறுப்பு கார்பன், சிவப்பு ஆக்சிஜன், வெள்ளை ஹைட்ரஜன். வேதியியல் மாதிரிகளில் வழக்கமாக வரும் நிறங்கள் இவைதான். இப்போதே பழகிவிட்டால் பின்னால் குழப்பம் இல்லை. கறுப்பில் 4, சிவப்பில் 3, வெள்ளையில் 10 உருண்டைகள். மொத்தம் 17. வெள்ளையைக் கொஞ்சம் சின்னதாக உருட்டச் சொல்லுங்கள். பல்குச்சிகளைப் பாதியாக உடைத்து 16 துண்டுகள் வையுங்கள். இன்னும் ஒரு மஞ்சள் உருண்டை வேண்டும். அதை உங்கள் பையில் ஒளித்துவைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நேரம் வரும்.

விதி ஒன்றே ஒன்று. கார்பனுக்கு நான்கு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஒரு கையும் சும்மா தொங்கக் கூடாது. ஒரு குச்சி என்றால் இரண்டு கைகள் கோத்துக்கொண்டன என்று பொருள்.

அமிலத்தின் பெயரை இப்போது சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு கறுப்பும் ஒன்றையொன்று ஒரு கையால் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு கறுப்பின் மிச்ச மூன்று கைகளுக்கும் மூன்று வெள்ளை. இன்னொரு கறுப்பின் இரண்டு கைகளை ஒரே சிவப்பு தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். அங்கே குச்சிகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் குத்த வேண்டும். மீதி ஒரு கையில் இன்னொரு சிவப்பு, அந்தச் சிவப்பின் மறு கையில் ஒரு வெள்ளை. இதுதான் அசெட்டிக் அமிலம், வினிகரின் புளிப்புக்குக் காரணம்.

ஆல்கஹால் இன்னும் சுலபம். இரண்டு கறுப்பு கைகோத்து நிற்கும். ஒன்றுக்கு மூன்று வெள்ளை. மற்றதற்கு இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. சிவப்பின் நுனியில் ஒரு வெள்ளை. இது எத்தனால். கை கழுவும் சானிடைசர்கள் பலவற்றிலும் இருப்பது.

முடித்ததும் குச்சிகளை எண்ணச் சொல்லுங்கள். 16 வர வேண்டும். எங்கள் வீட்டில் 15தான் வந்தது. இரட்டைக் குச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் குச்சி. "ஒரு கை சும்மா இருக்கு பாரு" என்று நான் சொல்வதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். காணாமல்போன குச்சி அவள் தம்பியின் வாயில் இருந்தது. ஆறு வயதுக்காரர்கள் கூட இருந்தால் குச்சிகளைக் கொஞ்சம் அதிகமாகவே உடைத்து வையுங்கள். முனையைத் தேய்த்து மழுக்கியும் விடுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு போட்டோம். நான்கு கறுப்புக்கு 16 கை, மூன்று சிவப்புக்கு 6 கை, பத்து வெள்ளைக்கு 10 கை. கூட்டினால் 32. இரண்டு கைக்கு ஒரு குச்சி என்றால் 16 குச்சி. குச்சியை எண்ணாமலே குச்சியின் எண்ணிக்கை வந்துவிட்டதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்னதில் அவள் முதன்முதலாக நம்பியது இதைத்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதை நான் சொல்லவில்லை.

ஒட்டும் வேலை

இப்போது புதிரைப் போடுங்கள். "இந்த இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக்கணும். மிச்சமா விழறது தண்ணியா இருக்கணும். ஒரு சிவப்பு, ரெண்டு வெள்ளை. முடிவுல ஒரு கையும் சும்மா இருக்கக் கூடாது." இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் உதவி செய்யத் தோன்றும். செய்யாதீர்கள்.

அவள் ஆல்கஹாலின் நுனியிலிருந்து சிவப்பையும் வெள்ளையையும் ஜோடியாகப் பிடுங்கினாள். அமிலத்தின் நுனியிலிருந்து ஒரு வெள்ளையை எடுத்தாள். மூன்றையும் சேர்த்தால் தண்ணீர். மிச்சத்தை ஒட்டினால் எத்தில் அசெட்டேட். 17 உருண்டை, 16 குச்சி, எல்லாம் சரி. தம்பிக்குப் பொறுக்கவில்லை. "நானும்" என்று எல்லாவற்றையும் பிரித்துப் பழையபடி வைக்கச் சொன்னான். அவன் அமிலத்தின் பக்கம் சிவப்பு-வெள்ளை ஜோடியைப் பிடுங்கினான், ஆல்கஹாலின் பக்கம் ஒரே ஒரு வெள்ளையை எடுத்தான். ஒட்டினான். அச்சு அசலாக அதே பொருள்.

"நான் செஞ்சதுதான் சரி." "இல்ல, நான் செஞ்சதுதான்." "ரெண்டும் ஒண்ணுதானே சித்தப்பா?"

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் தானாக வராவிட்டால் நீங்களே கிளப்பிவிடுங்கள். இரண்டாவது வழியை நீங்கள் செய்து காட்டி, "இப்படியும் வருதே" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேளுங்கள். வேதியியலாளர்களுக்கும் இதே கேள்வி இருந்தது. கையில் கிடைக்கும் பொருளைப் பார்த்து மட்டும் எந்த வழியில் நடந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீருக்குள் போன ஆக்சிஜன் அமிலத்தினுடையதா, ஆல்கஹாலினுடையதா?

மார்க்கர் பேனாவால் ஆல்கஹாலின் சிவப்பு உருண்டையில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு வழியிலும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். அக்காவின் வழியில் புள்ளி தண்ணீரில் போய் உட்கார்ந்தது. தம்பியின் வழியில் எஸ்டரிலேயே தங்கிவிட்டது. இப்போதுதான் இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது.

"நிஜ அணுவுல எப்படிப் புள்ளி வைக்கிறது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயம் பூசலாம். சின்னதாகக் கீறலாம். ஒன்றைக் கொஞ்சம் கனமாக ஆக்கிவிடலாம்.

மூன்றாவது யோசனையைக் கேட்டதும் துள்ளிக் குதிக்காத குறை. சாதாரண ஆக்சிஜனின் உட்கருவில் 8 புரோட்டான், 8 நியூட்ரான், எடை 16. இயற்கையில் மிகக் கொஞ்சமாக இன்னொரு வகை ஆக்சிஜனும் இருக்கிறது. அதில் நியூட்ரான் 10, எடை 18. வேதியியல் குணம் கிட்டத்தட்ட அதேதான், கனம் மட்டும் கூடுதல். அதுதான் அணுவின் மேல் வைத்த புள்ளி. 1938இல் இர்விங் ராபர்ட்ஸும் ஹெரால்டு யூரேயும் இந்தக் கனமான ஆக்சிஜனை மெத்தில் ஆல்கஹாலில் சேர்த்து, அதைப் பென்சாயிக் அமிலத்தோடு வினைபுரியவிட்டார்கள். கனமான ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக 1934இல் நோபல் பரிசு வாங்கிய அதே யூரேதான். வினை முடிந்து வந்த தண்ணீரைச் சோதித்தால் அதில் சாதாரண ஆக்சிஜன்தான் இருந்தது. கனமான ஆக்சிஜன் எஸ்டரில் தங்கிவிட்டது.

ஆக, தம்பி ஜெயித்தான். ஏன் ஜெயித்தான் என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் அன்று முழுக்க வீட்டில் அவனைப் பிடிக்க முடியவில்லை.

ஏன் அமிலத்தின் பக்கம்?

ஆறு ஏழு வயதுக் குழந்தை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். உருண்டை எண்ணியதும் குச்சி எண்ணியதும் போதும். ஒன்பது பத்து வயதுக்கு மேல் என்றால் "ஏன்?" என்று கேட்கும். அதற்குத்தான் இந்தப் பகுதி. மெதுவாகப் போங்கள், நானே இங்கே இரண்டு தடவை சறுக்கினேன்.

குச்சி என்று நாம் வைத்தது உண்மையில் இரண்டு எலக்ட்ரான்கள். இரண்டு அணுக்களும் அவற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் பங்கு சமமாக இருப்பதில்லை. ஆக்சிஜன் தன் பக்கம் இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் பெரிய பையன், மறுபக்கம் சின்னப் பையன் நின்றால் எப்படியோ அப்படி. அமிலத்தில் இரண்டு சிவப்புகளைப் பிடித்திருக்கும் கறுப்பைத் தொட்டுக் காட்டுங்கள். பாவம், அதை இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து இழுக்கின்றன. எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ள கார்பன் அது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் "பசித்த கார்பன்".

ஆல்கஹாலின் ஆக்சிஜனிடமோ யாரோடும் பங்கு போடாத எலக்ட்ரான் ஜோடிகள் இரண்டு இருக்கின்றன. இல்லாதவனும் இருப்பவனும் பக்கத்தில் வந்தால் என்ன நடக்கும் என்று குழந்தையே சொல்லிவிடும். நடுவில் நிற்கும் அந்தப் பசித்த கார்பனில்தான் எல்லாக் கூத்தும் நடக்கிறது. ஆல்கஹாலின் ஆக்சிஜன் தன் கார்பனை விட்டு விலகவே இல்லை, அதனால்தான் புள்ளி எஸ்டரில் தங்கியது.

இப்போது பையில் இருக்கும் மஞ்சள் உருண்டையை எடுங்கள். இது, வினையை வேகப்படுத்தும் வினையூக்கி கொண்டுவந்து தரும் ஹைட்ரஜன் அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன். ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தைச் சில சொட்டு விடுவது இதற்காகத்தான். அமிலத்தையும் ஆல்கஹாலையும் சும்மா கலந்து வைத்தாலும் வினை நடக்கும், ஆனால் ரொம்ப ரொம்ப மெதுவாக. எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பெயரும் 1895இல் இப்படி அமிலம் சேர்த்து எஸ்டர் செய்யும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் இது ஃபிஷர் பெயரில்தான் வழங்குகிறது.

களிமண்ணில் ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் செய்தாள்.

மஞ்சள் வந்து, இரட்டைக் குச்சியில் இருக்கும் சிவப்பின் மேல் உட்காருகிறது. இரட்டைக் குச்சியில் ஒன்றை உருவிவிடுங்கள்; சிவப்பு அந்தக் கையால் மஞ்சளைப் பிடித்துக்கொள்ளட்டும். நடுக் கறுப்புக்கு இப்போது ஒரு கை காலி. முன்பைவிடப் பசி அதிகம். அந்தக் காலிக் கையில் ஆல்கஹாலின் புள்ளி வைத்த சிவப்பு வந்து ஒட்டுகிறது. ஆனால் புள்ளிச் சிவப்பை இப்போது மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள், அதற்கு இருப்பதோ இரண்டு கை. நெருக்கடி. அதன் வெள்ளை கழன்றுகொள்கிறது.

இங்கே நிறுத்தி, நடுக் கறுப்பைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வெள்ளை பிடித்த கறுப்பு ஒரு கையில். புள்ளிச் சிவப்பு ஒரு கையில். மற்ற இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு சிவப்பு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ஹைட்ரஜன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் மஞ்சள், அவ்வளவுதான் வித்தியாசம். இரட்டைக் குச்சியில் இருந்த சிவப்பும் ஒற்றைக் குச்சியில் இருந்த சிவப்பும் இப்போது ஒரே மாதிரி ஆகிவிட்டன.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ தண்ணியா போறது எது? இதுவா, இதுவா?"

எது வேண்டுமானாலும் போகலாம். கழன்றுபோன வெள்ளை இந்த இரண்டில் எதன் மேலும் வந்து ஒட்டலாம். எதில் ஒட்டியதோ அந்தச் சிவப்பு இரண்டு ஹைட்ரஜனோடு தண்ணீராகிக் கழன்றுவிடும். மிச்சம் இருக்கும் சிவப்பு தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு, நடுக் கறுப்பை மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். எஸ்டர் தயார். பலர் "அமிலத்தின் நுனி ஜோடிதான் தண்ணீராகிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அமிலத்தின் ஆக்சிஜன் இரண்டில் ஒன்று போகிறது என்பதே சரி. பத்து வயதுக்காரி கேட்ட பிறகுதான் அந்த வரியைத் திருத்திக்கொண்டேன்.

கடைசியில் மேசை மேல் ஒரு ஹைட்ரஜன் தனியாகக் கிடக்கும். அது மஞ்சளாகவும் இருக்கலாம், வெள்ளையாகவும் இருக்கலாம். நிறம் முக்கியம் இல்லை. ஒன்று உள்ளே வந்தது, ஒன்று வெளியே போனது. அடுத்த ஜோடிக்கு உதவ அது தயார். வினையூக்கி தீர்ந்துபோகாது என்பதைத் தனியாக விளக்கவே வேண்டாம், மேசை மேலேயே கிடக்கிறது.

நான் சறுக்கியது எங்கே என்று சொல்ல வேண்டும். "கார்பன் விரும்புகிறது", "ஆக்சிஜன் ஆசைப்படுகிறது" என்று பேசிக்கொண்டே போனேன். "அணுவுக்கு ஆசை இருக்குமா?" என்று கேட்டாள். இருக்காது. கையும் கிடையாது, பசியும் கிடையாது. மூலக்கூறுகள் சதா முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன, பெரும்பாலான மோதல்களில் ஒன்றும் நடப்பதில்லை, சரியான பக்கத்தில் சரியான வேகத்தில் மோதினால் மட்டும் நடக்கிறது. சூடாக்குவது அதற்குத்தான். அதற்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டோம். நான் "விரும்புகிறது" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு சட்டைப் பொத்தான் தர வேண்டும். ஒரே சாயங்காலத்தில் ஐந்து பொத்தான் போச்சு.

பொத்தான்கள் வீண்போகவில்லை

இந்த வினை முழுசாக முடிவதில்லை. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரும் தண்ணீரும் ஆகும்போதே, எஸ்டரும் தண்ணீரும் சேர்ந்து திரும்ப அமிலமும் ஆல்கஹாலும் ஆகிக்கொண்டிருக்கும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆட வேண்டும்.

12 பொத்தான்களை இடது பக்கம் வையுங்கள். ஒவ்வொரு பொத்தானும் ஓர் அமிலம்-ஆல்கஹால் ஜோடி. வலது பக்கம் போனால் எஸ்டரும் தண்ணீரும். ஒவ்வொரு சுற்றிலும் இடதில் இருப்பதில் பாதி வலதுக்குப் போகும். அதே நேரத்தில் வலதில் இருப்பதில் கால் பங்கு இடதுக்கு வரும். அரை, கால் என்று மிச்சம் வந்தால் விட்டுவிடலாம்.

முதல் சுற்றில் 6 போகும், வருவதற்கு யாரும் இல்லை. இடம் 6, வலம் 6. அடுத்ததில் 3 போகும், 1 வரும். இடம் 4, வலம் 8. அடுத்ததில் 2 போகும், 2 வரும். இடம் 4, வலம் 8. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. கைகள் ஓயாமல் பொத்தானை நகர்த்திக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை மட்டும் அசையாது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு குழந்தை சிரிக்கத் தொடங்கும். சமநிலை என்ற சொல்லை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

பிறகு 12 பொத்தான்களையும் வலதில் வைத்து ஆரம்பியுங்கள். 3 வரும். அடுத்த சுற்றில் 1 போகும், 2 வரும். மறுபடி இடம் 4, வலம் 8. எந்தப் பக்கம் தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கிறது. அசெட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம எண்ணிக்கையில் எடுத்தால் நிஜத்திலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகும். 1862 வாக்கில் பிரான்சில் பெர்த்தலோவும் பெயான் த சேன்-ஜில்லும் இரண்டு பக்கத்திலிருந்தும் தொடங்கிப் பார்த்து இதைக் கண்டார்கள். நிஜ வினையின் வேகக் கணக்கு நம் பொத்தான் விதியைவிடச் சிக்கலானது, அதைப் பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

"அப்போ நாலு பேர் எப்பவுமே வீணா?" என்று கேட்டாள். வலதில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வெளியே எடுத்துவிட்டால் திரும்பி வர வழி இல்லை. ஆலைகளில் கொதிக்கவைத்துத் தண்ணீரைப் பிரித்தெடுப்பதும், இரண்டில் ஒன்றை வேண்டுமென்றே கூடுதலாகப் போடுவதும் இதற்காகத்தான். வலதில் சேர்ந்த பொத்தான்களை ஒவ்வொரு சுற்றிலும் அவள் தம்பியின் பையில் போட்டு ஆடிப் பாருங்கள், இடது பக்கம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்.

மூக்குக்கான பகுதி

வீட்டில் எஸ்டர் செய்ய முயல வேண்டாம். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அடர் கந்தக அமிலம் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். எத்தில் அசெட்டேட்டின் ஆவி தண்ணீரின் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டட்டும்: சோதனைக்குழாயில் இரண்டையும் கொஞ்சம் எடுத்து, அமிலத்தைச் சொட்டுவிட்டு, வெந்நீரில் நிறுத்தி வைத்து, பிறகு சோடா உப்புக் கரைசலில் ஊற்றினால் மிச்ச அமிலத்தின் நெடி அடங்கி எஸ்டரின் வாசனை மேலே வரும். வீட்டுக்கு ரிமூவர் பாட்டில் போதும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தள்ளி நின்று, பாட்டிலுக்கு மேலே கையால் விசிறி வாசனையை மூக்குப் பக்கம் தள்ளி முகரக் கற்றுக்கொடுங்கள். மூக்கை உள்ளே விடக் கூடாது.

ஏன் எஸ்டர் மட்டும் இப்படிப் பறந்து வந்து மூக்கில் ஏறுகிறது என்றும் காட்டலாம். அசெட்டிக் அமிலம் 118 டிகிரியில் கொதிக்கிறது. எத்தில் அசெட்டேட் அதைவிடக் கனமான மூலக்கூறு, ஆனாலும் 77 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. களிமண் மாதிரியைப் பாருங்கள். அமிலத்தின் நுனியில் சிவப்பு-வெள்ளை ஜோடி இருக்கிறது, அந்த வெள்ளை பக்கத்து மூலக்கூறின் சிவப்பை லேசாகப் பற்றிக்கொள்ளும். எஸ்டரில் அந்த ஜோடியே இல்லை. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் சுலபமாகக் கிளம்பிவிடுகிறது.

துண்டுகளை மாற்றினால் வாசனையும் மாறும். இதே அசெட்டிக் அமிலத்தோடு ஐசோஅமைல் ஆல்கஹாலைச் சேர்த்தால் வாழைப்பழ வாசனை. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை எச்சரிக்க வெளியிடும் மணத்திலும் இதே எஸ்டர் இருக்கிறது. பியூட்டிரிக் அமிலம் கெட்டுப்போன வெண்ணெயைப் போல நாறும். அதை எத்தனாலோடு சேர்த்தால் அன்னாசி மணக்கும். நாற்றத்தில் பாதியும் வாசனையில் பாதியும் ஒரே உருண்டைகள்தான் என்பது பிள்ளைகளுக்கு ஏனோ ரொம்பப் பிடித்துப்போகிறது.

போன வாரம் அவள் வாழைப்பழ எஸ்டருக்கு எத்தனை குச்சி வேண்டும் என்று கணக்குப் போட்டாள். ஐசோஅமைல் ஆல்கஹாலில் கறுப்பு 5, சிவப்பு 1, வெள்ளை 12 என்று மட்டும் சொன்னேன். அமிலத்தோடு சேர்த்து 26 உருண்டை, 50 கை, 25 குச்சி என்று எழுதிக் காட்டினாள். பிறகு பழைய தாளைத் தேடி எடுத்தாள். அங்கே 17 உருண்டைக்கு 16 குச்சி. "எப்பவுமே குச்சி ஒண்ணு குறைச்சலா சித்தப்பா?"

தனித்தனியாக எண்ணிப் பாரேன் என்றேன். தண்ணீர், 3 உருண்டை, 2 குச்சி. எத்தனால், 9 உருண்டை, 8 குச்சி. அசெட்டிக் அமிலம், 8 உருண்டை. குச்சியை இரண்டு தடவை எண்ணினாள். 8 குச்சி. "இது மட்டும் ஏன் சமமா வருது?" என்று மாதிரியைக் கையில் எடுத்து உருட்டினாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆள்காட்டி விரல் மெதுவாகப் போய் அந்த இரட்டைக் குச்சியின் மேல் நின்றது.